பதினால்வர் மறுத்த பரீட்சை

கற்ற கலையை அவையோர் முன்னிலையிற் காட்டி அவர்தம் ஒப்புதலைப் பெறுதல் எல்லா நாட்டுக் கலை மரபுகளிலும் காணப்படும் வழக்காகும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்ற ஆடற்கலையைச் சோழ மன்னன் அவையில் அரங்கேற்றித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையும் பெற்றாள் என்பதை நாம் அறிவோம். ஓவியமுஞ் சிற்பமும் பயின்ற ஐரோப்பிய மாணாக்கர்க்கு அத்தகைய அரங்கேற்றமாக விளங்கியது கலைக்கழகங்களின் கண்காட்சியாகும். இறுதிப் போட்டிக்கென மாணவர் ஆக்கிய படைப்புக்கள் அங்கே ஒருங்கு வைக்கப்படும்; ஊரார் வந்து காண்பர்; பேராசிரியர் சபை பதக்கம் வழங்கும்; பதக்கம் பெற்றவனுக்கு வாழ்வின் வாயில் திறக்கும். 1863 ஆம் ஆண்டிலே ருஷ்ய நாட்டுத் தலைநகராகிய பீற்றர்ஸ்பேர்க்கில், இவ்வாயிலின் முன்னே வந்து நின்ற மாணவர் பதினால்வர் உட்புகாது திரும்பினர். அவர்கள் திரும்பியமைக்குக் காரணம் யாது, அதனால் விளைந்தது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்த பேரரசுக் கலைக்கழகம் 1757 ஆம் ஆண்டு எலிசபெத் அரசியின் காலத்தில், இவான் சுவாலோவ் என்னும் பிரபுவின் முயற்சியால் தோன்றியது. 1764 இல் இரண்டாம் கதரீன் அதற்குச் சாசனம் அளித்தாள். நேவா நதிக்கரையில், வசிலீயெவ்ஸ்கித் தீவில், எகிப்திலிருந்து கொணரப்பட்ட இரு சிங்க உடற் சிலைகள் காவல் இருப்பன போலக் கிடக்கும் துறையின் எதிரே அதன் பெருங்கட்டடம் நிற்கின்றது. ருஷ்யாவில் ஓவியன் ஒருவன் பட்டமும் பதவியும் அரசாங்க வேலைகளும் பெற வேண்டுமாயின் இக்கழகத்தின் அங்கீகாரம் இன்றியமையாததாக இருந்தது. பிரெஞ்சு நாட்டு முறையைத் தழுவி அமைந்த அதன் கல்வியிற் படிகள் பல இருந்தன. சிறு வெள்ளிப் பதக்கம், பெரு வெள்ளிப் பதக்கம், சிறு பொற்பதக்கம், பெரும் பொற்பதக்கம் என அவை மேலேறிச் சென்றன. பெரும் பொற்பதக்கம் பெற்றவன் அரசாங்கச் செலவில் ஆறாண்டு காலம் இத்தாலி முதலிய நாடுகளிலே தங்கிப் பயிலும் பேறு பெற்றான். எழுதுவினைஞனின் மகனாகவோ சிற்றூர்க் குடியானவனின் மகனாகவோ பிறந்த ஓர் இளைஞனுக்கு இதனினும் பெரிய பேறு அக்காலத்தில் வேறில்லை.

இப்போட்டி நடைபெற்ற முறையை அறிந்தாலன்றிப் பின்னர் எழுந்த பிணக்கினை விளங்கிக்கொள்ளல் அரிது. பேராசிரியர் சபை ஒரு பொருளை அறிவிக்கும். அது பெரும்பாலும் விவிலிய நூலிலிருந்தோ கிரேக்க உரோமப் புராணங்களிலிருந்தோ எடுக்கப்பட்டதாயிருக்கும். போட்டியாளர் தனித்தனி அறைகளிலே இருபத்துநான்கு மணித்தியாலம் அடைக்கப்பட்டு, அப்பொருளுக்கு ஒரு முன்வரைவு தீட்டிக் கொடுத்தல் வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் முயன்று பெரும்படத்தை ஆக்கும்போது அம்முன்வரைவின் அமைப்பிலிருந்து விலகுதல் ஆகாது. ஒரு நாளில் உதித்த எண்ணத்துக்கு ஓராண்டு உழைப்பும் கட்டுப்பட்டிருந்தது. கைத்திறனையும் உடற்கூற்றறிவையும் அளப்பதற்கு இம்முறை பொருத்தமானதே. மாணவன் தான் கண்ட உலகைப் பற்றி எதனை உணர்ந்தான் என்பதை அளப்பதற்கு அதில் இடமில்லை.

ஆயின், ருஷ்ய நாடு அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1861 ஆம் ஆண்டு இரண்டாம் அலெக்சாந்தர் மன்னன் பண்ணையடிமை முறையை ஒழித்தான். கோடிக்கணக்கான குடியானவர் சட்டத்தின் முன் மனிதராயினர்; அவர்களுடைய வறுமையும் வழக்காறும் எழுத்தாளர்க்கும் ஓவியர்க்கும் கருப்பொருளாயின. அழகு என்பது வாழ்க்கையே அன்றி அதற்குப் புறம்பானதன்று என்னும் கருத்தைச் செர்னிஷேவ்ஸ்கி 1855 இலேயே தமது ஆய்வுரையில் நிலைநாட்ட முயன்றிருந்தார். கலைக்கழகமும் இக்காற்றுக்கு முற்றாகக் கதவடைத்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. அன்றாட வாழ்வை வரையும் மாணவர்க்குப் பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை சில ஆண்டுகள் அளிக்கப்பட்டிருந்தது. 1861 இல் வசீலி பெரோவ் கிராமக் கோயிலொன்றிற் பிரசங்கம் நிகழும் காட்சியை வரைந்தும், வலேரி யாகோபி சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகள் வழியிலே தங்கி நிற்கும் காட்சியை வரைந்தும் பெரும் பொற்பதக்கம் பெற்றனர். கைதிகளின் துயரத்துக்குப் பேரரசின் கலைக்கழகமே பொன் அளித்தது என்றால், மாற்றம் எவ்வளவு தூரம் உட்புகுந்திருந்தது என்பது தெளிவாகும்.

1863 ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியும் இதற்குச் சான்று பகரும். பணம் படைத்த முதியவன் ஒருவனுக்கு இளம்பெண்ணை மணம் முடித்து வைக்கும் கொடுமையைக் காட்டிய புக்கிரேவ் என்பாரின் படமும், இயேசுநாதரின் இறுதி இராப்போசனத்தை மனிதர் இருவரிடையே நேர்ந்த பிரிவாகக் காட்டிய நிக்கலாய் கே என்பாரின் படமும் அங்கே வைக்கப்பட்டன. இருவருக்கும் பேராசிரியப் பட்டம் கிடைத்தது. அதே கட்டடத்தில், அதே பருவத்தில், இறுதிப் போட்டிக்கு நின்ற மாணவர்க்கோ பழைய கட்டுப்பாடு மீண்டும் இறுக்கப்பட்டது. சபை அறிவித்த வரலாற்று ஓவியப் பொருள் ஸ்காந்தினேவியப் புராணத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும்: வல்ஹல்லா என்னும் தேவமாளிகையில் ஒடின் என்னும் கடவுள் அரியணையில் வீற்றிருத்தல் வேண்டும், தேவரும் வீரரும் சூழ்ந்திருத்தல் வேண்டும், அவன் தோள்களில் இரு அண்டங்காக்கைகள் அமர்ந்திருத்தல் வேண்டும், மாளிகை வளைவுகளினூடே, முகில்களிடையே ஓடும் சந்திரனை ஓநாய்கள் துரத்துதல் வேண்டும். அடிமைத்தளை அறுந்து ஈராண்டே சென்ற நாட்டில், தாம் கனவிலும் காணாத வடபுலத் தேவரின் விருந்தை வரையுமாறு அவ்விளைஞர் பணிக்கப்பட்டனர்.

மாணவர் உடனே கலகம் விளைக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மனப்பாங்குக்கேற்ற பொருளைத் தேர்ந்து வரைய இடமளிக்குமாறு சபைக்கு விண்ணப்பம் எழுதினர். விண்ணப்பங்கள் பயனளிக்கவில்லை. இவ்விடத்தில் நாம் ஒருசார் நின்று தீர்ப்புக் கூறிவிடுதல் தகாது. கலைக்கழகத்தின் பக்கம் நின்று நோக்கின், அதன் நிலைக்கும் ஒரு நியாயம் உண்டு. பரிசு ஒன்று, அதனை நாடுவோர் பலர். ஒரே வினாவுக்கு எல்லோரும் விடை எழுதினாலன்றி யார் சிறந்தவர் என எவ்வாறு நிறுக்கலாம்? ஒருவன் குடிகாரனின் வீட்டையும் மற்றொருவன் மோயீசனின் அற்புதத்தையும் வரைந்து கொணர்ந்தால் இரண்டையும் எந்தக் கோல்கொண்டு அளப்பது? பரீட்சை நடத்திய அனுபவமுள்ள எவரும் இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடமாட்டார். மாணவர் பக்கத்து நியாயமோ இதனினும் ஆழமானது. வரலாற்றிலே நாட்டமுள்ளவனையும் அன்றாட வாழ்விலே நாட்டமுள்ளவனையும் ஒரே பொருளில் நிறுத்திப் பார்ப்பது ஒருவனுக்குத் துணையும் மற்றவனுக்குத் தடையுமாகும் என்றும், வெளித்தோற்றத்தில் மட்டுமே அது சமத்துவம் என்றும் அவர்கள் கருதினர். வினா ஒன்றாயிருப்பதனால் நீதி ஒன்றாகிவிடுமா என்பதே அன்று எழுந்த வழக்கு எனலாம்.

மாணவருள் முதல்வராக விளங்கியவர் இவான் கிராம்ஸ்கோய். தென் ருஷ்யாவின் ஒஸ்திரகோஷ்ஸ்க் என்னும் சிற்றூரில் எழுதுவினைஞர் ஒருவரின் மகனாக 1837 இற் பிறந்த அவர், ஊர் ஊராகச் சென்ற புகைப்படப்பிடிப்பாளர் ஒருவரிடம் படங்களைத் திருத்தும் வேலை செய்து, 1857 இலே கலைக்கழகம் புகுந்தவர். மோயீசன் பாறையிலிருந்து நீர் வருவித்த காட்சியை வரைந்து சிறு பொற்பதக்கமும் பெற்றிருந்தார். விதித்த பொருளில் வரைய மாட்டாமையால் அவர் மறுத்தார் எனக் கூற எவருக்கும் இடமில்லை.

பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1863 நவம்பர் 9 ஆம் நாள், இன்றைய கணக்கில் 21 ஆம் நாள், போட்டியாளர் சபை முன்னிலைக்கு அழைக்கப்பட்டனர். உபதலைவர் ககாரின் இளவரசர் பொருளை வாசித்தார். கிராம்ஸ்கோய் முன்வந்து, தங்கள் விண்ணப்பத்தை மேலும் வற்புறுத்தத் துணியவில்லை என்றும், போட்டியினின்று தம்மை விடுவித்துக் கலைஞர் பட்டச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் வேண்டுவதாகவும் கூறினார். குடும்பக் காரணங்களினாலோ பிற காரணங்களினாலோ கல்வியைத் தொடர இயலாமையைத் தெரிவிக்கும் மனு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் முன்னரே ஆயத்தமாக இருந்தது. வசையோ ஆரவாரமோ அங்கு எழவில்லை. ஓவியர் பதின்மூவரும் வசீலி கிரைத்தான் என்னும் சிற்பியுமாகப் பதினால்வர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். பதினைந்தாமவராகிய சபலோற்ஸ்கி ஒருவரே போட்டியிட இசைந்தார். ஒருவரைக் கொண்டு போட்டி நடத்தல் இயலாதாகையால் அவ்வாண்டுப் போட்டியே நின்றுவிட்டது.

வெளியேறியோர் இழந்தவை சிறியன அல்ல. ஆறாண்டு வெளிநாட்டு வாசமும் அதன் பின்வரும் பதவிகளும் கைவிட்டுப் போயின. கழகத்தில் அவர்கள் பயன்படுத்திய வரைகூடங்களும் போயின. இரகசியப் பொலிசாரின் கண்காணிப்பு வந்து சேர்ந்தது. கையிற் கிடைத்தது இரண்டாந் தரக் கலைஞர் என்னும் சான்றிதழ் மாத்திரமே. பீற்றர்ஸ்பேர்க்கின் மாரிக்காலம் தொடங்கும் வேளையில், பணமும் பாதுகாப்புமற்ற பதினால்வர் தெருவில் நின்றனர். அவருள் ஒருவராகிய மிகயில் பெஸ்கோவ் மறு ஆண்டிலேயே உலக வாழ்வை நீத்தார்.

மறுத்தல் ஒரு நாட் செயல். அதன்பின் வாழ்ந்து காட்டுதல் பல்லாண்டுச் செயல். வரலாற்று நூல்கள் முதலாவதை விரித்துரைத்து இரண்டாவதைச் சுருக்கிவிடுவதுண்டு. உண்மையிற் பதினால்வரின் பெருமை இரண்டாவதிலேயே தங்கியுள்ளது. அவர்களிற் பலர் கலைக்கழகம் இருந்த அதே தீவிலே ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி 'ஆர்ற்றெல்' என்னும் கூட்டு வாழ்க்கையைத் தொடங்கினர். ஆர்ற்றெல் என்பது தச்சரும் மீனவரும் கூடித் தொழில் செய்து வருவாயைப் பங்கிடும் ருஷ்யக் குடியானவரின் பழைய அமைப்பு. அதனை ஓவியர் தமதாக்கிக்கொண்டனர். உருவப்படங்கள், கோயிற் படங்கள், பிரதிகள் ஆகியவற்றுக்கு வேலை ஏற்றனர். கூட்டாகச் செய்த வேலையின் ஊதியத்தில் நூற்றுக்கு இருபத்தைந்தும், தனியே செய்த வேலையின் ஊதியத்தில் நூற்றுக்குப் பத்தும் பொதுநிதிக்குச் சேர்ந்தன. கிராம்ஸ்கோயின் துணைவியார் சோபியா அம்மையார் சமையலையும் வீட்டுக் கணக்கையும் பொறுப்பேற்றார். அவ்வம்மையாரின் சிக்கன நிருவாகம் இன்றேல் இவ்வமைப்பு முதல் மாரியையே கடந்திராது எனலாம்.

வியாழக்கிழமை மாலைகளில் நண்பர் பலரும் அவ்வீட்டிற் கூடினர். நீண்ட மேசையில் தாளும் மையும் வண்ணமும் பரப்பப்பட்டிருக்கும், சிலர் வரைவர், ஒருவர் கலையைப் பற்றிய கட்டுரையை உரத்து வாசிப்பார், விவாதம் நள்ளிரவு கடந்தும் நீளும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இலியா ரெப்பின், பத்தொன்பது வயது இளைஞராகத் தலைநகரை அடைந்தது இக்கலகம் நிகழ்வதற்குச் சில நாட்கள் முன்னரேயாம். கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற அவர் இவ்வீட்டில் ஓவியம் எதற்கு என்பதைப் பயின்றார். 1865 இல் இக்குழுவினர் நிஷ்னி நொவ்கரத் பெருஞ்சந்தைக்குப் படங்களைக் கொண்டுசென்று கண்காட்சி நடத்தினர். தலைநகரத்துப் படங்களைத் தூரத்து ஊரார் காணச் செய்த இம்முயற்சி பின்னர் பெருமரமாக வளர்ந்த வித்தாகும்.

ஆர்ற்றெல் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒற்றுமையாற் பிறந்த அமைப்பு ஒற்றுமை குலைந்தபோது தளர்ந்தது. உறுப்பினருள் ஒருவராகிய திமித்திரியெவ் ஓரன்புர்க்ஸ்கி, தம்மை வெளிநாட்டுக்கு அனுப்புமாறு தோழரறியாமற் கலைக்கழகத்தை வேண்டினார். எந்தப் பேற்றைக் கூட்டாகத் துறந்தனரோ அதனையே ஒருவர் தனித்து நாடுவது அறமாகுமா எனக் கிராம்ஸ்கோய் வினவினார். ஏனையோர் அவர் எதிர்பார்த்த அளவு துணைநில்லாமையால் 1870 இல் விலகினார். மறு ஆண்டில் அமைப்புக் கலைந்தது. ஈண்டு மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. கிராம்ஸ்கோய்க்கே 1869 இற் கலைக்கழகம் 'அக்கடமீஷியன்' பட்டம் வழங்கியிருந்தது. எதிர்த்தோரும் எதிர்க்கப்பட்டோரும் நாம் எண்ணுமளவு எட்டி நிற்கவில்லை.

ஆர்ற்றெலின் குறையிலிருந்து கற்ற பாடம் அடுத்த அமைப்பிலே பயன்பட்டது. கிரிகோரி மியசயேதோவ் என்னும் ஓவியர் முன்வைத்த யோசனையின்படி, 1870 நவம்பரில் 'ஊர்தோறும் செல்லும் ஓவியக் கண்காட்சிச் சங்கம்' அரசாங்க அங்கீகாரம் பெற்றது. அதன் விதிகளிற் கையொப்பமிட்ட பதினைவருள் கிராம்ஸ்கோய், கொன்ஸ்தந்தீன் மக்கோவ்ஸ்கி, கோர்சூகின், லேமொக் என்னும் நால்வர் முன்னைய பதினால்வரைச் சேர்ந்தவர். ஒரே கூரையின் கீழ் வாழ்தல் இங்கு விதிக்கப்படவில்லை. மாகாணத்து மக்கள் ருஷ்யக் கலையைக் காண வழி செய்தல், சமுதாயத்திலே கலையார்வத்தை வளர்த்தல், ஓவியர் தம் படங்களை விற்க உதவுதல் என மூன்று நோக்கங்கள் தெளிவாக எழுதப்பட்டன. நுழைவுச் சீட்டின் வருவாயே செலவுக்கு ஆதாரமாயிற்று. பேரரசின் பணப்பையை நம்பியிருந்த கலை முதன்முதலாகப் பார்வையாளனின் சில்லறைக் காசை நம்பி எழுந்து நின்றது.

சங்கத்தின் முதற் கண்காட்சி 1871 நவம்பர் இறுதியிற் பீற்றர்ஸ்பேர்க்கிலே திறக்கப்பட்டது. அது நடைபெற்ற இடம் எதுவெனின், எட்டாண்டுகளுக்கு முன்னர் பதினால்வர் வெளியேறிய அதே கலைக்கழகக் கட்டடமாகும்! படைப்புக்கள் ஐம்பதுக்குக் குறைவே. அவற்றுட் சில ருஷ்ய ஓவியத்தின் அழியாச் செல்வங்களாயின. மகனாகிய அலெக்சியை மகா பீற்றர் விசாரிக்கும் காட்சியைக் கே வரைந்திருந்தார். இளைப்பாறும் வேட்டைக்காரரைப் பெரோவ் வரைந்திருந்தார். நிலவொளியில் நீர்மகளிர் நிற்கும் மே மாத இரவைக் கிராம்ஸ்கோய் வரைந்திருந்தார். அலெக்சி சவ்ராசொவ் என்பார் அனுப்பிய சிறிய படத்திலோ, உருகும் பனியும், வளைந்த சில பூர்ச்ச மரங்களும், சிற்றூர்க் கோயில் ஒன்றும், மரக்கிளைகளிலே கூடு கட்டத் திரும்பி வந்த காக்கையினப் பறவைகளுமே இருந்தன. ஒடினுடைய தோளில் அமர வேண்டியிருந்த புராணக் காக்கைகளை அன்று வரைய எவரும் முன்வரவில்லை. தம் ஊர்க் காக்கைகள் வந்தபோது மக்கள் அவற்றை இனங்கண்டு கொண்டனர். 1872 இல் இக்கண்காட்சி மொஸ்கோ, கீயெவ், கார்க்கொவ் ஆகிய நகரங்களுக்குச் சென்றது. அன்று தொடங்கிய பயணம் 1923 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, தொடர்ந்தது. மொஸ்கோ வணிகர் பாவெல் திரெத்தியாக்கோவ் இச்சங்கத்தாரின் படங்களை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்து, 1892 இலே தம் தொகுதி முழுவதையும் அந்நகருக்கு ஈந்தார்.

இந்த வெற்றியைக் கண்டு, விதிக்கப்பட்ட பொருள் என்றாலே கலைக்கு நஞ்சு என முடிவுசெய்துவிடுதல் பிழையாகும். அதே 1871 ஆம் ஆண்டிற் கலைக்கழகப் போட்டிக்கு விதித்த பொருள், யாயீர் என்பவனின் இறந்த மகளை இயேசுநாதர் உயிர்ப்பித்த நிகழ்ச்சி. ரெப்பின் முதலில் அதில் ஊக்கமின்றியே இருந்தார். பின்னர்த் தம் இளமையிலே சகோதரி இறந்து கிடந்த அறையையும் வீட்டில் நிலவிய துயரையும் நினைவுகூர்ந்து, அந்நினைவையே விவிலியக் காட்சியாக மாற்றினார். பெரும் பொற்பதக்கமும் பெற்றார். வொல்கா நதிக்கரையில் தோணியிழுப்போரைக் கண்டு வரைந்துகொண்டிருந்ததும் அதே மாணவரே. பிறர் கொடுத்த வினாவுக்குத் தன் வாழ்விலிருந்து விடை காணும் ஆற்றல் சிலருக்கு உண்டு. அச்சிலரை மனத்திற் கொண்டு எல்லோருக்கும் விதி வகுப்பது முறையாகாது என்பதே பதினால்வரின் வாதம்.

காலம் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. கிராம்ஸ்கோய் 1887 இல் வைத்தியர் ஒருவரின் உருவப்படத்தை வரைந்துகொண்டிருக்கையில், தூரிகையேந்திய கையுடன் சாய்ந்து உயிர் நீத்தார். மாற்றத்தைக் காணும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. 1893 இற் கலைக்கழகத்தின் விதிகள் திருத்தப்பட்டன. மறு ஆண்டில் ரெப்பின், ஷிஷ்கின், குயின்ஜி முதலியோர் அங்கே பேராசிரியராயினர். இறுதிப் படத்தின் பொருளை மாணவர் தாமே தேரலாயினர்.

இத்துடன் கதை இனிது முடிந்தது எனக் கருதுவோர் 1899 ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் நோக்குதல் வேண்டும். குடியானவர் குலத்திற் பிறந்து, ஆதொஸ் மலை மடத்திலே கோயிற் படம் எழுதிப் பழகி, பின் ரெப்பினிடம் பயின்ற பிலிப் மல்யாவின், 'சிரிப்பு' என்னும் பெரும்படத்தை இறுதிப் படைப்பாக வைத்தார். பச்சைப் புல்வெளியிற் செவ்வாடையணிந்த குடியானவப் பெண்கள் காற்றில் நின்று சிரிக்கின்றனர், அவ்வளவே பொருள். இதில் கதை இல்லை, கருத்து இல்லை என்று சபையிற் பலர் முகஞ்சுளித்தனர். பொருளைத் தேரும் உரிமை வந்துவிட்டது; தேர்ந்த பொருளை விளங்கிக்கொள்ளும் கண் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. அப்படத்துக்குப் பட்டம் மறுக்கப்பட்டு, அவர் வரைந்த உருவப்படங்களுக்கே அது வழங்கப்பட்டது. மறு ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் 'சிரிப்பு' பொற்பதக்கம் பெற்றது. இன்று அது வெனிஸ் நகரில் உள்ளது. முன்னாளிற் கட்டுப்பாட்டை எதிர்த்த தலைமுறையின் வழிவந்தோர் நீதிபதிகளின் ஆசனத்தில் அமர்ந்தபோது, அவர்க்கும் கண் மறைக்கும் பழக்கங்கள் இருந்தன.

பதினால்வர் அனைவரும் பேரோவியராகவில்லை. மக்கோவ்ஸ்கி செல்வர் விரும்பும் உருவப்பட ஓவியராகிப் பெரும்பொருள் ஈட்டினார். வேறு சிலர் கலைக்கழகத்தின் பட்டங்களையே பின்னர் ஏற்றனர். சிலர் பெயரை அறிஞரே அறிவர். ஆயினும், அவர்கள் ஒருமுகமாக நின்றிராவிடின் கிராம்ஸ்கோய் ஒருவரின் மறுப்பு ஒரு தனி மாணவனின் பிடிவாதமாகவே எண்ணப்பட்டு மறக்கப்பட்டிருக்கும். பெரியோர் செய்த வரலாற்றிலே சாமானியரின் பங்கு எத்துணை என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பிறர் வகுத்த வினாவுக்கு விடையெழுதிப் பட்டம் பெற்று, பிறர் வகுத்த வினாவுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்யும் தொழிலில் அமர்ந்துள்ள எம்மனோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? பரீட்சைகளை ஒழித்துவிடுதல் எளிதன்று. ஒழித்துவிட்டால் வறியவன் மகனுக்குத் திறக்கும் வாயில்களுள் ஒன்று அடைபட்டுவிடும். கிராம்ஸ்கோயே அத்தகைய வாயிலால் உட்புகுந்தவர் அல்லரோ? ஆயின், விடைத்தாளை நிறுக்கும் கோலைக் கையிலேந்தும் ஒவ்வொருவரும், அக்கோல் அளக்கமாட்டாத ஒன்று மாணவனிடம் உளதோ என்று ஒருமுறை நோக்குதல் கடன். மாணவரும் ஒன்றை அறிதல் வேண்டும். அன்று மண்டபத்திலிருந்து வெளியேறியவர்கள் உழைப்பிலிருந்து வெளியேறவில்லை. விதித்த படத்தை வரைய மறுத்தோர், தாம் வரைய விரும்பிய படங்களை வரைந்து ஊரார் முன் வைத்துக் காட்டினர். அப்படங்கள் இன்று மொஸ்கோவிலும் பீற்றர்ஸ்பேர்க்கிலும் சுவர்களை அணிசெய்கின்றன. நேவா நதிக்கரைக் கட்டடத்தில் இன்று இயங்கும் கலைக்கழகமோ, அவர்களின் மாணவராகிய ரெப்பினின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.